எழும்பாமல் இருக்கும் உரிமை பிறந்த கதை

ஆரையம்பதியில் வாடகைக்கு விடப்படும் வீடு பெரும்பாலும் யாரோ ஒரு பெண்பிள்ளைக்காகக் கட்டி வைத்த வீடு. வடக்கே காத்தான்குடி, தெற்கே தாழங்குடா, கிழக்கே கடல், மேற்கே வாவி. இந்த ஒடுங்கிய மண்துண்டில் ஒரு வளவு கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்த வளவில் தாயும் தகப்பனும் வாழ்நாள் உழைப்பைக் கொட்டி எழுப்பும் வீடு மகளின் சீதனம். அவள் படித்து முடியும் வரை, வரன் பொருந்தும் வரை, பூட்டிக் கிடந்தால் கறையான் அரித்துவிடும் என்று வாடகைக்கு விடுகிறார்கள். வருகிறவர் இடமாற்றத்தில் வந்த ஆசிரியராக இருப்பார், வங்கி உத்தியோகத்தராக இருப்பார், காலையில் வாவியைக் கடந்து படுவான்கரைக்கு வேலைக்குப் போய் மாலையில் எழுவான்கரைக்குத் திரும்புகிறவராக இருப்பார். ஒரு வருடம், இரண்டு வருடம் என்று எழுதிக்கொள்கிறார்கள். எழுதிய காலம் ஒருநாள் முடிகிறது.

“மகளுக்குச் சரிவந்திட்டு ரீச்சர், தைக்குள்ள வீட்ட விட்டுத் தரோணும்.”

“புள்ளைக்குச் சோதினை இருக்கு அக்கா. அது முடியுமட்டும் பொறுங்க.”

இருவரும் பொய் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வீடு எங்கே என்று கேட்பார்கள். இங்கே மணமகன்தான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பவன். வீடு கையில் இல்லாவிட்டால் கலியாணமே தள்ளிப்போகும். மறுபக்கம், சாதாரண தரப் பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கும்போது பிள்ளையைப் பாடசாலைக்குத் தொலைவான ஊருக்கு இழுத்துக்கொண்டு போக எந்தத் தாய்க்கும் மனம் வராது. ஒப்பந்தம் முடிந்த நாளுக்கும் சாமான் ஏற்றும் நாளுக்கும் இடைப்பட்ட அந்த மாதங்களில் ரீச்சர் யார்? அத்துமீறி நிற்பவரா, அக்காவின் தயவில் இருப்பவரா, அல்லது இன்னமும் வாடகைக்காரர்தானா? இந்தக் கேள்விக்குச் சட்டம் சொல்லும் பதில் ஏறத்தாழ 1800 ஆண்டுகள் பழையது. அது எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்ததும் வாவியின் ஓரத்தால்தான்.

மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமாபுரியில் உல்பியன் என்ற சட்ட அறிஞர் இருந்தார். குத்தகைக் காலம் முடிந்த பிறகும் ஒருவர் அங்கேயே இருக்கிறார், உரிமையாளரும் வாய்திறவாமல் இருக்கிறார் என்றால், இருவரும் பேசாமலே குத்தகையைப் புதுப்பித்துக்கொண்டார்கள் என்று கொள்ளவேண்டும் என்று அவர் எழுதிவைத்தார். வயல் நிலமானால் அடுத்த ஒரு வருடத்துக்குப் புதுப்பித்ததாகக் கணக்கு; உழுதவன் அறுக்கவேண்டுமே. நகரத்து வீடானால் இருக்கும் காலமெல்லாம் வாடகை கட்டும் கடமை மட்டும் தொடரும். பயிருக்கு ஒரு காலம் உண்டு, குடியிருப்புக்கு அப்படி இல்லை என்று அவர் பிரித்துப் பார்த்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வயலைப்போலவே ஒரு பருவம் உண்டு என்பது அவர் கணக்கில் வரவில்லை.

அந்த உரோமச் சட்டத்தைத் தங்கள் வழக்கங்களோடு பிசைந்து வைத்திருந்தவர்கள் ஒல்லாந்தர். 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தார்கள். புளியந்தீவில் வாவியைப் பார்த்து நிற்கும் அந்தக் கோட்டை இன்றும் இருக்கிறது. அவர்களுக்குப் பின் வந்த ஆங்கிலேயர் 1799ஆம் ஆண்டின் பிரகடனத்தால் ஒல்லாந்தர் காலத்துச் சட்டமே தொடரும் என்றார்கள். இப்படித்தான் உரோமன் டச்சுச் சட்டம் இலங்கையின் பொதுச் சட்டமானது. யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை இருந்தது. மட்டக்களப்பாருக்கு முக்குவர் சட்டம் இருந்தது. தாய்வழியாகச் சொத்து இறங்கும் அந்த வழக்கத்தைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் நூலாக எழுதினார். அதே ஆண்டு வந்த ஒரு கட்டளைச் சட்டம் அதை நீதிமன்றத்திலிருந்து வெளியேற்றியது. வழக்கம் நீதிமன்றத்தை விட்டுப் போனதே தவிர வீட்டை விட்டுப் போகவில்லை. இன்றும் இந்தக் கரையில், தமிழரிடையிலும் முஸ்லிம்களிடையிலும், வீடு பெண்ணுக்குத்தான். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட பெருநூலில் இதை விரிவாகப் பதிந்திருக்கிறார்: மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் சிறிய வீட்டுக்கு மாறுவதும், அடுத்தவளுக்கு மறுபடி கட்டத் தொடங்குவதும்.

ஒல்லாந்தர் சட்டத்தில் வாடகைக்காரருக்கு இரண்டு பாதுகாப்புகள் இருந்தன. பேசாமல் தொடர்ந்தால் குத்தகையும் தொடரும் என்பது ஒன்று. வீட்டை விற்றாலும் வாங்கியவர் இருக்கிற குத்தகையை மதிக்கவேண்டும் என்பது மற்றது. ஆங்கிலேயர் இதனோடு இன்னொன்றைச் சேர்த்தார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையும் நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகளோடு எழுதப்படவேண்டும் என்றது. கள்ள உறுதிகளைத் தடுக்க வந்த சட்டம். ஆனால் அதன் பக்கவிளைவு பெரியது. நொத்தாரிசிடம் போகாமல் கடதாசியில் தாங்களே எழுதிக் கையெழுத்து வைத்த இரண்டு வருட ஒப்பந்தம், சட்டத்தின் கண்ணில் மாதத்துக்கு மாதம் ஓடும் வாடகையாகத்தான் நிற்கும். முறையாக எழுதிய குத்தகையும், காலம் முடிந்த பின் வாடகை வாங்கிக்கொண்டே போனால் மாத வாடகையாக மாறும். மாத வாடகையை முடிக்க ஒரு மாத அறிவித்தல் வேண்டும், அதுவும் மாதம் முடியும் நாளில் முடியவேண்டும். ஆக ஒப்பந்தம் முடிந்த பிறகு ரீச்சர் தரும் முதல் மாத வாடகையை அக்கா வாங்கி, பற்றுச்சீட்டு எழுதிக்கொடுத்த கணத்திலேயே புதிய வாடகை உறவு ஒன்று பிறந்துவிடுகிறது. பெரும்பாலான வீட்டுக்காரருக்கு இது தெரியாது. வாடகைக்காரருக்கும் தெரியாது.

இதுவரை சொன்னது ஒரு மாத நிழல்தான். ஒரு மாத அறிவித்தல் கொடுத்தால் எவரையும் எழுப்பலாம் என்ற நிலையை உடைத்தது போர்.

1915இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் கப்பலும் குண்டும் செய்யும் தொழிலாளரால் நிரம்பி வழிந்தது. புதிய வீடு கட்ட ஆளும் இல்லை, பொருளும் இல்லை. வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். கோவன் போன்ற தொழிலாளர் பகுதிகளில் கால்வாசி வரை ஏறியது. ஆண்கள் பலர் போர்முனையில். வாடகை கட்ட முடியாமல் நின்றவர்கள் அவர்களின் மனைவிமார். அப்போது எழுந்தவர் மேரி பார்பர், ஒரு கப்பல் கட்டும் தளத் தொழிலாளியின் மனைவி. அவரும் அவரோடு சேர்ந்த பெண்களும் கூட்டிய வாடகையைக் கட்டமாட்டோம் என்றார்கள். நீதிமன்ற ஆட்கள் வீட்டைக் காலி செய்ய வரும்போது ஒருத்தி மணி அடிப்பாள். ஒழுங்கை முழுவதும் பெண்கள் கூடிவிடுவார்கள். வந்தவர் மேல் மாவை அள்ளி எறிந்து துரத்துவார்கள். கார்த்திகை மாதமளவில் ஏறத்தாழ 20,000 குடும்பங்கள் வாடகை மறுப்பில் இருந்தன. 1915 நவம்பர் 17ஆம் நாள், வாடகை நிலுவைக்காக 18 தொழிலாளரை நீதிமன்றத்துக்கு இழுத்தபோது, தொழிற்சாலைகளிலிருந்து ஆண்களும் வீடுகளிலிருந்து பெண்களும் ஆயிரக்கணக்கில் ஊர்வலமாக வந்து நீதிமன்ற வாசலை நிறைத்தார்கள். வழக்கு கைவிடப்பட்டது. ஆறு வாரம் கழியவில்லை, அந்த ஆண்டு டிசம்பரிலேயே சட்டம் வந்தது: வாடகை 1914 ஓகஸ்டில் இருந்த அளவுக்குத் திரும்பவேண்டும், சட்டம் சொல்லும் காரணம் இல்லாமல் எவரையும் எழுப்பக்கூடாது.

இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்ப நின்று பார்ப்பது அந்தப் பெண்களைத்தான். ஒப்பந்தம் முடிந்தாலும் வீட்டில் இருக்கும் உரிமை நீதிபதிகள் தயாரித்துக் கொடுத்ததல்ல, தயவாக வந்ததுமல்ல. போகப் போக்கிடம் இல்லாதவர்கள் வாசலை மறித்து நின்று வாங்கியது. மேரி பார்பர் 1920இல் மாநகரசபை உறுப்பினரானார். அவருடைய சிலையை 2018இல் கோவனில் வைத்தார்கள். தனியாக நிற்கும் சிலையல்ல, பின்னால் ஒரு கூட்டம் வரும் சிலை. அதுதான் சரி.

அந்தச் சட்டம் போர் நடக்கும் காலத்துக்கும் அதற்குப் பின் ஆறு மாதத்துக்கும் மட்டும் என்றுதான் எழுதப்பட்டது. ஆனால் போர் முடிந்தும் வீட்டுப் பஞ்சம் முடியவில்லை. ஒவ்வொரு முறையும் நீட்டி, திருத்தி, மாற்றி எழுதி, அந்தக் கட்டுப்பாட்டின் கீழ் புதிய வாடகைகள் வருவது இங்கிலாந்தில் 1989 சனவரியில்தான் நின்றது. இடையில் இங்கிலாந்து நீதிமன்றங்கள் ஒரு புது மனிதரை உருவாக்கின: ஒப்பந்தம் செத்துவிட்டது, ஆனால் சட்டம் அவரை வீட்டில் வைத்திருக்கிறது. அவரிடம் சொத்து எதுவும் இல்லை, விற்க எதுவும் இல்லை. இருக்கும் உரிமை மட்டும் உண்டு. நியதிச்சட்ட வாடகையாளர் என்பவர் இவர். பேரரசின் மற்ற நகரங்களுக்கும் இந்த மனிதர் கப்பலேறினார். பம்பாயில் 1918இலேயே வாடகைச் சட்டம் வந்தது.

இலங்கைக்கு அது வந்தது அடுத்த போரில். 1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 5ஆம் நாள் ஈஸ்டர் ஞாயிறன்று யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் நாள் திருகோணமலை. திருகோணமலையை விட்டு வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பலை அன்றே எங்கள் கடலில் வைத்து மூழ்கடித்தார்கள். 300க்கும் மேற்பட்ட கடற்படையினர் இறந்தார்கள். கல்லடிக்கு நேரே கடலின் அடியில் அது இன்னும் கிடக்கிறது, சுழியோடிகள் போய்ப் பார்க்கிறார்கள். இலங்கை முழுவதும் படை வந்து இறங்கியது. கட்டடங்களைப் படை எடுத்துக்கொண்டது. சீமெந்து கப்பலில் வரவேண்டிய காலம் அது. காங்கேசன்துறையில் தொழிற்சாலை வந்தது 1950இல்தான். கப்பலோ சீமெந்து ஏற்றும் நிலையில் இல்லை. கிளாஸ்கோவில் நடந்தது இங்கேயும் நடந்தது: ஆள் கூடியது, வீடு கூடவில்லை. அந்த ஆண்டே 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1941இல் இருந்த வாடகையே அளவுகோல் என்றது. வாடகை நிலுவை, வீட்டைப் பழுதாக்குதல், அயலாருக்குத் தொல்லை, வீட்டுக்காரருக்கே வீடு தேவைப்படுதல் என்று எண்ணிச் சொன்ன சில காரணங்களுக்கு வெளியே எவரையும் எழுப்ப வழக்குப் போட முடியாது என்றது. ஒரு மாத அறிவித்தல் கொடுத்து எழுப்பலாம் என்ற பழைய ஒல்லாந்த விதி அன்றோடு பல்லிழந்தது.

சுதந்திரம் கிடைத்த ஆண்டில், 1948இல், அது 29ஆம் இலக்கச் சட்டமாக மறுபடி எழுதப்பட்டது. அந்தச் சட்டத்தில் எங்கள் கரைக்குப் பொருந்தும் ஒரு வரி உண்டு. வீட்டுக்காரர் தன் குடும்பத்தவருக்கு வீடு தேவை என்று கேட்கலாம். குடும்பத்தவர் யார் என்று சொல்லும் இடத்தில் 18 வயதுக்கு மேற்பட்ட மகனும் மகளும் இருக்கிறார்கள். கொழும்பில் இருந்து அதை எழுதியவர்களுக்கு மட்டக்களப்புச் சீதன வீடு நினைவில் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் மகளுக்குக் கலியாணம் என்று நிற்கும் தாய்க்கு அந்த வரியில் ஒரு கதவு இருந்தது.

பெரிய திருப்பம் 1972. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டு முன்னணி அரசில் வீடமைப்பு அமைச்சராக இருந்தவர் கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமன். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் அவர் காலத்தது. அது வாடகைக்காரர் பக்கம் மிக உறுதியாக நின்றது. வாடகைச் சபைகள் வாடகையை நிர்ணயிக்கும். மூன்று மாதத்துக்கு மேல் முற்பணம் கேட்கக்கூடாது. வாடகைக்காரர் இறந்தால் அவரோடு வீட்டில் வாழ்ந்த துணையோ பிள்ளையோ அந்த இடத்தில் தொடரலாம். வாடகைக்காரர் இருக்கும்போதே வீட்டை வேறொருவர் விலைக்கு வாங்கி, எனக்கு இருக்கத் தேவை என்று சொல்லி அவரை எழுப்ப முடியாது. ஆனால் பெற்றோரிடமிருந்து நன்கொடையாகவோ முதுசமாகவோ வந்த வீட்டுக்கு, அந்தப் பெற்றோர் முன்பே உரிமையாளராக இருந்திருந்தால், அந்தத் தடை இல்லை. சீதனமாக எழுதிக்கொடுக்கும் வீட்டுக்கு மறுபடியும் ஒரு கதவு.

அடுத்த ஆண்டே வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம். ஒரு குடும்பம் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று வரையறுத்தது: தங்கி வாழும் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு இரண்டு. மிஞ்சிய வீட்டை அதில் இருக்கும் வாடகைக்காரர் வாங்கலாம். கொழும்பில் வரிசையாக வீடு கட்டி வாடகை வாங்கிச் செழித்தவர்களை நோக்கி எழுதிய சட்டம் அது. அந்த நகரத்தில் அது நியாயம். இங்கே நிலைமை வேறு. மூன்று பெண்பிள்ளைகளுக்கு மூன்று வீடு கட்டிவிட்டு நாலாவது குடிசையில் தாங்கள் இருக்கும் ஒரு தாய் தகப்பனை நினைத்துப் பாருங்கள். காகிதத்தில் அவர்கள் நாலு வீட்டுக்காரர். உண்மையில் அவர்களுக்கென்று ஒன்றும் இல்லை. பிள்ளைக்கொரு வீடு என்று உச்சவரம்பு எண்ணியது தற்செயலாக எங்கள் வழக்கத்தோடு பொருந்தியது. இல்லாவிட்டால் இந்தக் கரையில் அது பெரும் குழப்பத்தை உண்டாக்கியிருக்கும்.

வாடகைச் சட்டங்களைப் பற்றி எழுதுபவர்கள் வீட்டுக்காரர் என்றால் பணக்காரர், வாடகைக்காரர் என்றால் ஏழை என்று வைத்தே எழுதுகிறார்கள். ஆரையம்பதியில் பல நேரம் அது தலைகீழ். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள உத்தியோகத்தர் வாடகைக்காரர். கடன்பட்டுக் கட்டிய ஒரே வீட்டை விட்டுக்கொடுத்திருக்கும் கணவனை இழந்த பெண் வீட்டுக்காரி. அந்தப் பெண்ணின் பக்கம் நிற்பது வாடகைக்காரருக்கு எதிராக நிற்பதாகாது. போர் கொண்டுவந்த பஞ்சத்துக்கு எழுதிய மருந்தைப் பஞ்சம் போன பிறகும் அளவு குறைக்காமல் கொடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பம்பாய் சாட்சி. 1940இல் இருந்த வாடகையோடு கட்டுண்ட பழைய கட்டடங்களை எவரும் பழுதுபார்க்கவில்லை. மழைக்காலத்தில் அவை ஆட்களோடு இடிந்து விழுந்தன. அந்த உறைந்த வாடகை நியாயமற்றதாகிவிட்டது என்று இந்திய உச்ச நீதிமன்றமே 1997இல் சொன்னது.

இலங்கையில் பின்வாங்கல் 1980இல் தொடங்கியது. அந்த ஆண்டின் 55ஆம் இலக்கத் திருத்தம் அதன் பின் புதிதாகக் கட்டப்படும் குடியிருப்பு வீடுகளை வாடகைச் சட்டத்துக்கு வெளியே விட்டது. ஒரேயொரு வீடு உள்ள உரிமையாளர், ஐந்து வருட வாடகைக்குச் சமமான தொகையைத் தேசிய வீடமைப்பு ஆணையாளரிடம் கட்டிவைத்தால், தன் வீட்டைத் தான் இருக்கத் திரும்பக் கேட்கலாம் என்றது. எழும்பும் வாடகைக்காரருக்கு அந்தப் பணம். பின்னர் அந்தத் தொகை கூட்டப்பட்டது. எழும்புகிறவர் வெறுங்கையோடு தெருவில் நிற்கக்கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சுனாமிக்கும் போருக்கும் பின் இந்தக் கரையில் எழுந்த வீடுகள் எல்லாம் 1980க்குப் பிந்தியவை. ஆகவே இன்று ஆரையம்பதியில் ஒரு வாடகைக்காரர் வாடகைச் சட்டம் என்னைக் காக்கும் என்று சொன்னால், பெரும்பாலும் அது அவரைக் காக்காது. ஒல்லாந்தரின் பழைய மாத வாடகை விதியும் கையில் உள்ள ஒப்பந்தமும்தான் அவருக்கு மிச்சம்.

இப்படியிருந்தும் வீட்டுக்காரர் மனதில் ஒரு பயம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது: பத்து வருசம் இருந்தால் வீடு அவங்களுக்காம். இந்தப் பயத்தால் நல்ல வாடகைக்காரரையும் மூன்று வருடத்துக்கு மேல் வைத்திருக்க மறுப்பவர்கள் உண்டு. அந்தப் பத்து வருடம் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருவது. உரிமையாளருக்கு எதிராக, அவரது உரிமையை மறுத்து, தடையின்றிப் பத்து வருடம் ஆண்டவருக்கு அது உரிமை தரும். வாடகைக்காரர் அப்படி ஆள்பவரல்லர். வீட்டுக்காரரின் அனுமதியோடு உள்ளே வந்தவர். வாடகை கொடுக்கும் ஒவ்வொரு மாதமும் உரிமை மற்றவருடையது என்று ஒப்புக்கொள்கிறவர். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், வாடகைக்கு வந்தவர் வந்த நாளில் வீட்டுக்காரருக்கு உரிமை இருக்கவில்லை என்று வாதாடவே வழியை மூடிவிட்டது. பத்து வருடமல்ல, இருபது வருடம் இருந்தாலும் வாடகைக்காரர் வாடகைக்காரர்தான்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1990இல் இந்தக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் கதவைக்கூடப் பூட்டாமல் ஓடிய வீடுகள் எத்தனை! திரும்பி வந்தபோது சிலவற்றில் வேறு யாரோ இருந்தார்கள். இருந்தவர்களும் வேறெங்கிருந்தோ ஓடி வந்தவர்கள். அந்த ஆண்டுகள் வீட்டு உரிமையைப் பற்றிய நம்பிக்கையைப் பறித்துவிட்டன. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இதற்குத் தாமதமாகவேனும் ஒரு பதில் சொன்னது: 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, ஆயுதக் குழுக்களின் செயல்களால் தன் நிலத்துக்குப் போக முடியாதிருந்தவருக்கு எதிராக அந்தக் காலத்தை எண்ணக்கூடாது. வாடகைக்காரருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் ஊர்ப் பேச்சில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. போர்க்காலத்தில் வீடிழந்தவரின் பயம், ஒழுங்காக வாடகை கட்டும் ரீச்சர் மேல் விழுகிறது.

பயம் முற்றினால் சிலர் பூட்டை மாற்றுகிறார்கள், சாமானை வாசலில் வைக்கிறார்கள். இதைச் செய்யவே கூடாது. நியாயம் ஒருபக்கம் இருக்கட்டும், சட்டமும் அதைத் திருப்பி அடிக்கும். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ், உடைமை பற்றிய தகராறு சமாதானத்தைக் குலைக்கும் என்றால் விடயம் நீதவான் முன் போகும். முறைப்பாட்டுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் ஒருவர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டார் என்று கண்டால், அவரை மறுபடி உள்ளே வைக்க நீதவான் கட்டளையிடலாம். அங்கே உரிமை யாருடையது என்ற கேள்வியே எழாது. யார் இருந்தார், யார் இழுத்து எறிந்தார் என்பதே கேள்வி. சட்டப்படி எழுப்பியிருக்கக்கூடிய வாடகைக்காரரை ஓர் இரவு ஆத்திரத்தால் நீதிமன்றமே திருப்பிக் கொண்டுவந்து குடிவைக்கும்.

சட்டப்படி எழுப்புவது என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு. விசாரணை, மேன்முறையீடு என்று அது ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுபறியைத் தெரிந்துகொண்டே வாடகையும் கட்டாமல் இருந்துவிடுபவர்களும் உண்டு. அவர்களுக்காக நான் பேசவில்லை. மேரி பார்பரின் தெருப் பெண்கள் வாங்கித்தந்த உரிமையை இவர்கள் கெடுக்கிறார்கள், அடுத்து வீடு தேடி வரும் நேர்மையான குடும்பத்துக்கும் கதவை மூடுகிறார்கள். இதற்கு மருந்தாக வந்ததுதான், விஜயதாச ராஜபக்ச நீதி அமைச்சராக இருந்தபோது நிறைவேறிய 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம். குத்தகைக்குக் கொடுத்த இடத்தின் உடைமையை மீளப் பெறுவதற்கான விசேட ஏற்பாடுகள் அதில் இருக்கின்றன. ஒழுங்காக எழுதிய குத்தகையின் காலம் முடிந்தும் வெளியேற மறுப்பவரிடமிருந்து, நீண்ட விசாரணையில்லாமல் சுருக்கமான நடைமுறையில் இடத்தை மீட்க அது வழிசெய்தது. ஒருகாலத்தில் வாடகைக்காரர் பக்கம் சாய்ந்திருந்த தராசு இப்போது மறுபக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது. அயலிலும் இதே திசையைக் காணலாம். இந்தியாவில் 2021இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம், காலம் முடிந்தும் இருப்பவர் முதல் இரண்டு மாதம் இரட்டை வாடகையும் அதன் பின் நாலு மடங்கும் கட்டவேண்டும் என்கிறது.

நாலு மடங்கு என்ற பேச்சு எனக்கு உவப்பாக இல்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோடு இருக்கும் ஒரு குடும்பத்துக்கும் வேண்டுமென்றே வீட்டைப் பிடித்துவைத்திருப்பவருக்கும் அது ஒரே தண்டனையை விதிக்கிறது. விரைவான வழக்கு நல்லதுதான். ஆனால் விரைவு என்பதை நீதிமன்றம் கையாளும் முன்பே, வீட்டுத் திண்ணையில் தீர்க்கக்கூடியது நிறைய இருக்கிறது. எங்கள் ஊரில் இதுவரை எழுந்த பெரும்பாலான தகராறுகள் நீதிமன்ற வாசலை மிதிக்காமலே தீர்ந்திருக்கின்றன. ஊர்ப் பெரியவர் ஒருவர் இடையில் நின்று, பரீட்சை முடியட்டும், அதற்குள் கலியாண நாளைக் கொஞ்சம் தள்ளுங்கள், இல்லாவிட்டால் ரீச்சருக்கு வேறு வீடு நாங்கள் பார்த்துத் தருகிறோம் என்று பேசிவைத்ததால் தீர்ந்தவை அவை.

அந்தப் பேச்சை ஒப்பந்தத்திலேயே எழுதி வைக்கலாம். நொத்தாரிசிடம் போகும் நாளில் முடிவுத் திகதியைப் பாடசாலை ஆண்டு முடியும் மாதத்தில் வைக்கச் சொல்லலாம். கலியாணம் சரிவந்தால் மூன்று மாத அறிவித்தல் என்றும், பரீட்சை இருந்தால் அது முடிந்த மாதத்தின் கடைசி நாள் என்றும், அந்தக் கூடுதல் மாதங்களுக்கு இவ்வளவு வாடகை என்றும் எழுதலாம். அந்த மாதங்களில் வாங்கும் பணத்துக்கான பற்றுச்சீட்டில், இது எழும்பும் வரையான காலத்துக்கு மட்டும், புதிய வாடகை தொடங்கவில்லை என்று ஒரு வரி சேர்க்கலாம். உறுதியைத் தமிழில் எழுதுவித்து, அக்காவும் ரீச்சரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளலாம்.